சந்தேகம் வந்தால் நிறுத்து

பிரபாவதி இருபத்திரண்டு ஆண்டு கல்பாக்கத்தில் சோறு தின்றது ஒரே ஒரு விதியை நம்பி. சந்தேகம் வந்தால் நிறுத்து. அணு உலையைக் கண்காணிக்கும் மின்னணுச் சுற்றுகளை வடிவமைப்பது அவள் வேலை. ஒரே வெப்பத்தை மூன்று கருவிகள் அளக்கும். மூன்றில் இரண்டு ‘ஆபத்து’ என்று சொன்னால் உலை தானாக நின்றுவிடும். நின்றது தானாகக் கிளம்பக் கூடாது. ஓர் ஆள் வந்து பார்த்து, காரணம் கண்டு, தன் கையால் கிளப்ப வேண்டும். ஓடுகிற உலையைவிட நின்ற உலை பாதுகாப்பானது. அங்கே அந்த விதி சரி.

கரூர்ப் பக்கத்துப் பஞ்சாலைத் தொழிலாளியின் மகள் அவள். ஆயுத பூசைக்கு மறுநாள் அவளுடைய கருவி அலமாரியின் மேல் யாரோ எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். அவள் அதை எடுத்து நறுக்கி, சர்க்கரை போட்டுக் கலக்கி, அறையிலிருந்த அத்தனை பேருக்கும் குடிக்கக் கொடுத்தாள். “இது காவல் காக்கும்னா எனக்கு எதுக்குய்யா சம்பளம்?” என்று கேட்டாள். ஊழியர் குடியிருப்பில் இந்தக் கதை பல வருடம் ஓடியது. அவள் கணவர் செல்வராஜுக்கும் அங்கேயே ரசாயன ஆய்வுக்கூடத்தில் வேலை. விருந்தாளிகள் வந்தால் இதைச் சொல்லாமல் விடமாட்டார். எதையும் காரணம் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதவள் என்று அவளுக்குத் தன்னைப் பற்றி ஒரு பெருமை உண்டு.

நாற்பத்தாறு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நாவலூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்தாள். இதயம் பலவீனமானவர்களின் நெஞ்சுக்குள் வைக்கிற பம்பைச் செய்கிற நிறுவனம். இதயத்தால் தள்ள முடியாத ரத்தத்தை அந்தப் பம்பு தள்ளும். வெளிநாட்டுப் பம்பை வாங்கிப் பொருத்திக்கொள்ள ஊரில் எத்தனை பேருக்கு முடியும்? முடியாதவன் செத்துப் போகட்டும் என்பதுதான் அதுவரை இருந்த ஏற்பாடு. அந்த ஏற்பாட்டின் மேல் அவளுக்கு இருந்த கோபம்தான் அவளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. அது நேர்மையான கோபம். பின்னால் நடந்ததற்கு அது சமாதானம் ஆகாது.

பம்பை ஓட்டும் மூளை இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஒரு பெட்டியில் இருந்தது. இரண்டு மின்கலங்கள், இரண்டு சிறு கணினிகள். ஒன்று கெட்டால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும். பழுதைத் தாங்கி ஓடும் இந்தப் பெட்டி முழுக்க முழுக்க பிரபாவதியின் வேலை. ரத்த ஓட்டத்தை இரண்டு கணினிகளும் தனித்தனியே கணக்கிடும். இரண்டு கணக்கும் ஒத்துப்போகாவிட்டால்? அவள் யோசிக்கவே இல்லை. கை தானாக எழுதியது. வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கு, ஒலி எழுப்பு, ஓர் ஆள் சிவப்புப் பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடிக்கும்வரை மறுபடி ஏற்றாதே.

வடிவமைப்பைச் சரிபார்க்கும் கூட்டத்தில், படித்துவிட்டு வந்து ஒரு வருடம்கூட ஆகாத அனு கை தூக்கினாள். “மேடம், உலை நின்னா பரவாயில்ல. இங்க வேகம் குறைஞ்சா அந்த ஆளுக்கு என்ன ஆகும்? கடைசியா எந்த வேகத்துல நல்லா ஓடுச்சோ, அப்படியே விட்டா என்ன?”

“வேகம் கூடிப்போனா பம்பு இதயச் சுவரையே உறிஞ்சிடும், அனு. எது நிஜம்னு தெரியாதப்ப இறங்கி நிக்கறதுதான் மரியாதை. இருபத்திரண்டு வருஷம் இதத்தான் பண்ணேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அனுவும் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். கூட்டக் குறிப்பில் பதினேழாம் எண்ணுக்கு எதிரே ‘விவாதிக்கப்பட்டது, முடிந்தது’ என்று பதிவானது. எலுமிச்சம்பழத்தை நறுக்கியவள் ஒரு விதியை அது பிறந்த இடத்திலிருந்து பெயர்த்து வந்து, காரணத்தை அங்கேயே விட்டுவிட்டு, வேறொரு பெட்டியின் மேல் வைத்துவிட்டாள். மூடநம்பிக்கைக்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

பரிசோதனைக்காகச் சென்னை மருத்துவமனையில் முதலில் ஏழு பேருக்குப் பம்பு பொருத்தினார்கள். ஏழாவது ஆள் திருவிடந்தை காலனியைச் சேர்ந்த எல்லம்மாள், ஐம்பத்தோரு வயது. சிறுவயதில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவள். அந்த நிலம் சொகுசு விடுதி ஆனபின் அதே நிலத்தில் அறை கூட்டித் துடைத்தவள். மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கி வேலை போயிற்று. பம்பு வைத்த பிறகு கடைக்கு நடந்தாள், துணி துவைத்தாள், சண்டை போட்டாள். பதினான்கு மாதம் அப்படி ஓடியது. பார்த்துக்கொண்டது மகள் ஜெபா. கோவளத்தில் மருந்துக் கடையில் பில் போடுகிறவள்.

ஒரு வியாழக்கிழமை காலை ஏழு பத்துக்கு, வேலைக்குக் கிளம்பும் முன் ஜெபா ஒரு மின்கலத்தை மாற்றினாள். கடல் உப்புக் காற்றில் அதன் முனைகளில் பச்சை பூத்திருந்தது. இணைப்பு கால் விநாடி தடுமாறியது. இரண்டு கணினிகளின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. பெட்டி பிரபாவதி சொல்லிக் கொடுத்தபடி செய்தது: வேகத்தை இறக்கிவிட்டு அலறியது. மின்கலம் மாற்றும்போது ஒலி வந்தால் கழற்றி மறுபடி மாட்டு என்று கொடுத்திருந்த அட்டையில் முதல் வரியிலேயே இருந்தது. ஜெபா கழற்றி மாட்டினாள். ஒவ்வொரு முறையும் புதிதாகத் தடுமாறியது, புதிதாக அலறியது. அம்மா முனகுவது காதில் விழவில்லை என்று ஒலியை அடக்கும் பொத்தானை நாலு முறை அழுத்தினாள். எல்லம்மாள் தண்ணீர் டிரம்மின் பக்கத்தில் சரிந்தாள். ஜெபா நிறுவனத்துக்கு போன் போட்டாள். எடுத்தது அனு. சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். அதற்குள் பதினோரு நிமிடம்.

மெதுவாக ஓடிய பம்பில் ரத்தம் கட்டியாக உறைந்தது. அந்தக் கட்டி மறுநாள் மூளைக்குப் போனது. வலது கை போயிற்று, பேச்சு குழறிப் போயிற்று.

பெட்டியின் பதிவைப் பிரபாவதி வெள்ளிக்கிழமை மாலை திறந்தாள். அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். அதேதான் இருந்தது.

அன்றிலிருந்து அவள் திருவிடந்தை வழியாகப் போவதை விட்டாள். கல்பாக்கத்திலிருந்து கடற்கரைச் சாலையில் போகிறவள், இப்போது மாமல்லபுரம் தாண்டுமுன் பூஞ்சேரியில் திரும்பி, திருப்போரூர் வழியாக நாவலூர் போனாள். அந்த ஊரைக் கண்ணால் பார்க்காமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

பிரிவுத் தலைவர் விஷால் பதிவை வேறு மாதிரிப் படித்தான். “பிரபா மேடம், தெளிவா இருக்கு. மியூட் பட்டன் நாலு தடவை. சிவப்பு பட்டன் பதினோராவது நிமிஷம். யூசர் எரர். முடிஞ்சுது.”

“சிவப்பு பட்டன் அட்டையில பின்பக்கம், எட்டாவது வரியில இருக்கு, விஷால்.”

“இருக்குல்ல? அந்த ஏரியா ஜனங்க படிச்சுப் புரிஞ்சுக்கணுமே.”

“அந்தப் பொண்ணு பி.காம்.”

“கரஸ்ல போட்டிருக்கும்” என்று சிரித்தான். பிறகு குரலை இறக்கினான். “மெஷின்ல தப்புன்னு சொன்னா கமிட்டி ட்ரையலையே நிறுத்திடும். அடுத்த கட்டத்துல நாப்பது பேர் காத்துட்டிருக்காங்க. அவங்க நிலைமைய யோசிங்க.”

காலனிப் பெண் படித்தாலும் படிக்காதவள். இவன் படிக்காமல் சொன்னாலும் அது அறிக்கை. பிரபாவதியின் வாயில் இந்தப் பதில் வந்தது. வெளியே வரவில்லை. விஷாலின் கேவலமான வாதத்துக்குள் ஒரு நல்ல வாதமும் ஒளிந்திருந்தது. அவள் அந்த நாற்பது பேரின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். இரண்டே நாளில் திருத்திய நிரலை எழுதி முடித்தாள். ‘பொதுவான மேம்பாடு’ என்ற பெயரில் அடுத்த மாதம் எல்லாப் பெட்டிகளிலும் ஏற்றிவிடலாம் என்றான் விஷால். சரி என்றாள்.

வீட்டில் செல்வராஜிடம் மட்டும் நடந்ததையும், விஷால் எழுதிய அறிக்கையையும் சொன்னாள்.

“அறிக்கையில எழுதினதுல ஒரு வார்த்தையாவது பொய் இருக்கா?” என்றார் அவர்.

“இல்ல.”

“அந்தப் பொண்ணு பட்டனை அழுத்தலைங்கறது நிஜம்தானே?”

“நிஜம்தான்.”

“அப்புறம் என்ன, பிரபா? சாப்பிடு.”

அவர் நல்லவர். தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

அனு ஒரே ஒரு முறை அவள் மேசைக்கு வந்தாள். “மேடம், ஐட்டம் பதினேழு.”

“ஞாபகம் இருக்கு.”

“அன்னிக்கு நானும் சிரிச்சுட்டு உக்காந்துட்டேன், மேடம். அதான் தூங்க முடியல.” சொல்லிவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

பத்தொன்பதாவது நாள், திங்கட்கிழமை. பரிசோதனையைக் கண்காணிக்கும் கமிட்டி வெள்ளிக்கிழமை கூடுகிறது. அதற்குள் ஜெபாவின் கையெழுத்து வேண்டும். ‘பராமரிப்பாளர் உரிய நேரத்தில் உரிய பொத்தானை அழுத்தத் தவறினார்’ என்று அவளே ஒப்புக்கொள்ளும் தாள். “நீங்க போனா மரியாதையா இருக்கும், மேடம். வயசுல பெரியவங்க” என்று விஷால் அவளையே அனுப்பினான். மறுத்தால் ஏன் என்று கேட்பான். அதனால் போனாள்.

கோயிலைத் தாண்டி, சவுக்குத் தோப்பை ஒட்டிப் போகும் மண் தடத்தில் மூன்றாவது வீடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமெண்டுத் தரை. எல்லம்மாள் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கையைத் தலையணை மேல் வைத்திருந்தார்கள். இடுப்பில் அந்தப் பெட்டி.

“வாங்க மேடம், குந்துங்க. ஃபேன் இந்தப் பக்கம் வராது, சேரை இப்டி இழுத்துக்குங்க” என்றாள் ஜெபா. “கலர் வாங்கியாரட்டா?”

“வேண்டாம்மா.”

ஜெபா தாளை வாங்கி நின்றபடியே படித்தாள். இங்கிலீஷில் இருந்தது. தடங்கல் இல்லாமல் படித்தாள். “தவறினார், தவறினார்னு மூணு எடத்துல போட்டுக்கீறீங்க. ஒரு தபா போட்டாலே போதும் மேடம். எனக்கு மறந்தா போயிடும்?” பேனாவைத் தேடி அலமாரிப் பக்கம் போனாள். அங்கே ஓர் அட்டைத் துண்டு சாய்த்து வைத்திருந்தது. பெட்டியின் அளவுக்கே வெட்டி, பொத்தான்களை அதே இடங்களில் ஸ்கெட்சால் வரைந்திருந்தாள். சிவப்பு வட்டம் மட்டும் விரல் பட்டுப் பட்டு வெளுத்துப் போயிருந்தது.

“அது என்ன?” என்றாள் பிரபாவதி.

“பழகறது. வேலைக்குப் போறதுக்கு முன்னால தெனம் இருவது தபா. கண்ண மூடிகினு அமுக்கி அஞ்சு எண்ணுவேன். இப்பல்லாம் கரீட்டா வருது.” ஜெபா பேனாவைக் கண்டுபிடித்துவிட்டாள். “செபக் கூட்டத்துல பாஸ்டர் கர்த்தரோட சித்தம்னாரு. பக்கத்து வூட்டு அக்கா தலையெழுத்துன்னுச்சு. ரெண்டு பேருக்கும் ஒண்ணேதான் சொன்னேன். கர்த்தரா பேட்ரி மாட்னாரு? நான்தான மாட்னேன்.”

தரையில் உட்கார்ந்து தாளை முட்டியில் வைத்தவள் நிமிர்ந்தாள். “ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மேடம். அது ஏன் கொறஞ்சிச்சு? அதுவரிக்கும் நல்லாத்தான ஓடிகினு இருந்துச்சு. நான் எங்க கை வெச்சேன்? அது தெரிஞ்சா அடுத்த தபா அங்க கை வெக்க மாட்டேன்.”

சுற்றியிருந்தவர்கள் கடவுளையும் தலையெழுத்தையும் நீட்டியபோது வாங்காமல், காரணம் என்ன என்று கேட்கிறவள் இந்த வீட்டில் உட்கார்ந்திருந்தாள். பதினேழு நாளாகக் காரணத்தை மடியில் கட்டி வைத்திருந்தவள் எதிரே நாற்காலியில்.

“நீங்க எங்கயும் தப்பா கை வைக்கல, ஜெபா” என்றாள் பிரபாவதி. “பேட்டரி மாத்தும்போது அதுக்கு ஒரு சின்ன சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தா வேகத்த இறக்கிடுன்னு நான் எழுதி வச்சிருந்தேன். இறக்கினத தானா ஏத்தாதேன்னும் நான்தான் எழுதினேன். பழைய வேகத்துலயே விட்டிருக்கணும். விட்டிருந்தா நீங்க எந்தப் பட்டனையும் தொட வேண்டியதே இல்ல. அம்மா கீழ விழுந்திருக்க மாட்டாங்க.”

ஜெபா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். புரியவில்லையோ என்று பிரபாவதி மறுபடி ஆரம்பித்தாள். ஜெபா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“எப்பலர்ந்து தெரியும்?”

“மறுநாள் சாயங்காலத்துலேர்ந்து.”

“இன்னிக்கு வரிக்கும்?”

“ஆமா.”

“நான் தெனம் அட்டைய அமுக்கிகினு இருக்கேன். நீ இன்னா பண்ணிகினு இருந்த?”

‘நீங்க’வும் ‘மேடம்’மும் எங்கே போயின என்று பிரபாவதிக்குத் தெரியும். அவற்றை அவள் கேட்டு வாங்க முடியாது. “இந்தப் பேப்பர் ரெடியாகறதப் பாத்துட்டிருந்தேன்” என்றாள். அதுதான் உண்மை.

ஜெபா எழுந்துவிட்டாள். “எங்க அம்மா கையில ஒரு டம்ளர் நிக்க மாட்டேங்குது. வூட்டுக்கு வர்றவங்க எல்லாம் என்னப் பாக்கற பார்வ இன்னா தெரியுமா உனக்கு? நானே என்ன அப்டித்தான பாத்துகினு…”

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எல்லம்மாள் இடது கையால் பெட்டியைத் தட்டினாள். “வந்த… வாசி” என்றாள். வாய் கோணிக்கொண்டு வந்தது. “வந்தவாசி… அண்ணாத்த.”

ஜெபா அம்மாவைப் பார்த்தாள், பிறகு பிரபாவதியை. முகம் மாறியது. “செக்கப்புக்குப் போறப்ப ஒருத்தரு வருவாரு. வந்தவாசிக்காரரு. அவரு மாட்டிகினு கீறதும் இதே பொட்டிதான?”

“ஆமா.”

“மொத்தம் எத்தினி பேரு?”

“இன்னும் ஆறு பேர்.”

“அவுங்களுக்குச் சொல்லியாச்சா?”

பிரபாவதி தலையை ஆட்டினாள், இல்லை என்று. நாற்பது பேருக்காக வாயை மூடிக்கொண்டதாகத்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஆறு பேரை அவள் எண்ணவே இல்லை. பழி ஜெபாவின் மேல் இருக்கும்வரை பெட்டி குற்றமற்றது. குற்றமற்ற பெட்டியை யார் கழற்றுவார்கள்?

“அவரு சம்சாரத்துக்குக் கண்ணுல பொர, தாயே” என்றாள் ஜெபா. கத்தவில்லை. “அது எந்தப் பட்டனத் தேடும்? போனப் போடு. இங்கியே போடு. நான் கேக்கணும்.”

பிரபாவதி மருத்துவமனையில் இந்தப் பரிசோதனைக்குப் பொறுப்பான டாக்டர் பிரதீபாவைக் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் போட்டாள். “டாக்டர், ஆறு பேருக்கும் இன்னிக்கே சொல்லணும். அலாரம் வந்தா பேட்டரியத் தொடக் கூடாது. முதல்ல சிவப்பு பட்டன், அஞ்சு செகண்ட். முடிஞ்சா எல்லாரையும் வார்டுக்கு வரச் சொல்லிடுங்க, எல்லம்மா பெட்டியோட சேத்து எல்லாத்தையும் நான் மாத்தறேன். எல்லம்மா கேஸ்ல தப்பு அந்தப் பொண்ணு மேல இல்ல. என் புரோகிராம்ல.”

“இதை எழுத்துல தருவீங்களா?” என்றார் டாக்டர்.

“இப்பவே தருவா” என்று ஜெபா பதில் சொன்னாள்.

தாளைத் திருப்பிப் போட்டு, பேனாவை நீட்டினாள். “தமிழ்ல எழுது. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டணும்.”

பிரபாவதி எழுதினாள். ஜெபா தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். “‘வடிவமைப்பில் குறைபாடு இருந்தது.’ யாரு வடிவமைப்பு? பேரு எங்க? அந்தப் பக்கம் என் பேரு மூணு எடத்துல கீதுல்ல?”

பிரபாவதி அந்த வரியை அடித்துவிட்டு, ‘பிரபாவதி ஆகிய நான்’ என்று தொடங்கி மறுபடி எழுதினாள். அனு கேட்ட கேள்வியையும், தான் சிரித்ததையும், தேதியையும் எழுதினாள். எழுதி முடித்ததும் ஜெபா அதை உரக்கப் படித்தாள். எல்லம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் ஒரு வார்த்தை சொன்னாள். பிரபாவதிக்கு அது விளங்கவில்லை. என்ன சொன்னார்கள் என்று கேட்டதற்கு, “உனக்கு இல்ல, அது எனக்குச் சொன்னது” என்றாள் ஜெபா.

அன்று மாலையே ஐந்து பேர் வந்து படுத்துக்கொண்டார்கள். வந்தவாசிக்காரர் மறுநாள் காலை பஸ்ஸில் வந்தார். கமிட்டி பரிசோதனையை இரண்டு மாதம் நிறுத்தி வைத்தது. விஷால் பயந்ததுபோல ஒழித்துவிடவில்லை. விஷால் அவளிடம் பேசுவதில்லை. வடிவமைப்புப் பொறுப்பு அவளிடமிருந்து போயிற்று. இப்போது சரிபார்க்கும் பொறுப்பு அனுவுக்கு. பெட்டியின் ஒவ்வொரு விதியையும் பிரபாவதி அனுவின் முன்னால் வைக்கிறாள். இது எங்கே பிறந்தது, இங்கே நின்றால் யார் விழுவார்கள் என்று அனு கேட்கிறாள். எல்லம்மாளின் கை திரும்பவில்லை. திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். யாருடைய ஒப்புதலும் ஒரு நரம்பைக்கூட ஒட்டவைப்பதில்லை.

கமிட்டியின் இறுதி அறிக்கை வந்த அன்று மதியம் ஜெபா போன் செய்தாள். வணக்கம் ஒன்றும் இல்லை.

“பேப்பர் வந்துச்சாம. என் பேர எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு.”

“படி.”

பிரபாவதி எழுந்து கதவைச் சாத்திவிட்டுப் படித்தாள். பராமரிப்பாளர் தமக்கு அளிக்கப்பட்ட அறிவுரைப்படியே நடந்தார். அவர் பக்கம் தவறு ஏதும் இல்லை. பழுது, கட்டுப்பாட்டுப் பெட்டியின் வடிவமைப்பில் இருந்தது.

மருந்துக் கடைக்கு வந்த யாரோ மாத்திரை கேட்பதும், ஜெபா “கொஞ்சம் இரு அண்ணாத்த” என்பதும் கேட்டது.

“இன்னொரு தபா படி” என்றாள்.

பிரபாவதி மறுபடி படித்தாள்.